பிழை யாருடையது? கல்லாவுக்குக் கண் கிடைத்த கதை

'கல்லாவில் ஆள் தேவையா?' என்ற தலைப்பில் நாங்கள் நடத்திய கருத்தரங்கில் பேச வந்தவர்கள் இரு அணியாகப் பிரிந்து நன்றாகவே மோதிக்கொண்டார்கள். நெறியாளருக்கு ஒதுக்கியது சில நிமிடங்கள்தான். அன்று அவசரமாகச் சொல்லி முடித்ததை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் கதை. ஒரு மாலை வேலை முடிந்து பேரங்காடிக்குப் போனேன். சுயமாகக் கட்டணம் செலுத்தும் இயந்திரத்தில் பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன், பணம் கட்டினேன், புறப்பட்டேன். வாசலில் பாதுகாவலர் நிறுத்தினார். ரசீதைப் பார்த்தார், பையைப் பார்த்தார். ஒரு சாடின் டின் கணக்கில் இல்லை! 'பீப்' என்ற சத்தம் கேட்டதாக நினைத்தேன். பக்கத்து இயந்திரத்தின் சத்தமாக இருந்திருக்கும். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எனக்குப் பின்னால் நின்ற ஆன்ட்டி ஒருவர், "டிவியில வர்ற பிள்ளைதானே இது?" என்று துணைவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. இரண்டு வெள்ளி சொச்சத்தைக் கட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா 19 ஆண்டுகள் காசாளராக வேலை பார்த்தவர். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "என் காலத்துல ஒரு டின் விட்டுப்போனா அது என் தப்பு. இப்ப உன் தப்பு. வேலையோட சேர்த்து தப்பையும் உன்கிட்ட கொடுத்துட்டாங்க" என்றார்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இந்த நூறாண்டு வரலாற்றைப் படித்துப் பார்த்தேன். 'வேலை போகுமா, போகாதா' என்று மட்டுமே நாம் விவாதிக்கிறோம். ஒவ்வொரு முறை கல்லா மாறியபோதும் பொருளை அடையாளம் காணும் பொறுப்பும், அதில் வரும் பிழையும் கைமாறியிருக்கின்றன. இதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். புளோக்கின் கீழே இருந்த மளிகைக் கடையில், கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் மைலோ டின்தான் கல்லா. சில்லறை வேண்டுமென்றால் கடைக்காரர் டின்னைக் கீழே இழுப்பார். கடன் என்றால் 555 குறிப்புப் புத்தகம். எந்தப் பொருள், என்ன விலை, யார் வீட்டுக் கணக்கு எல்லாம் அவர் தலைக்குள். தவறு வந்தால் அடுத்த நாள் நேரில் போய்ச் சொல்லலாம், சண்டையும் போடலாம்.

அமெரிக்காவிலும் பழைய முறை ஏறத்தாழ இதுதான். வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுப்பார், கடைப் பையன் எடுத்துத் தருவான். 1916 செப்டம்பரில் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். வாசலில் சுழலும் தடுப்பு, கையில் ஒரு கூடை, எல்லா அலமாரிகளையும் தாண்டிச் செல்லும் ஒரே நடைபாதை, கடைசியில் கல்லா. பொருள் ஒவ்வொன்றிலும் விலை எழுதியிருக்கும். 1917இல் இந்த அமைப்புக்கே காப்புரிமை வாங்கிவிட்டார். நாம் இன்று பேரங்காடி என்று சொல்வதன் மூதாதை அந்தக் கடைதான்.

சாண்டர்ஸ் அத்துடன் நிற்கவில்லை. பங்குச் சந்தைப் போராட்டத்தில் 1923இல் தம் நிறுவனத்தையே இழந்தவர், 1937இல் அதே மெம்ஃபிஸில் 'கீடூசல்' என்ற இன்னொரு கடையைத் திறந்தார். 'சாவியே எல்லாம் செய்யும்' என்ற ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. கண்ணாடிக்குள் பொருளின் மாதிரி இருக்கும். வாடிக்கையாளர் தம்மிடம் உள்ள சாவியை அருகிலிருக்கும் துளையில் நுழைத்தால் போதும். பின்கட்டிலிருந்து பொருள்கள் நகரும் பட்டையில் கல்லாவுக்கு வந்து சேரும். யோசனை நம் காலத்துக்கு உரியது, இயந்திரம் அந்தக் காலத்துக்கு உரியது. பழுது மேல் பழுது. 1949இல் அந்த முயற்சி அடங்கிப்போனது. 1953இல் அவர் இறந்தபோதும் 'ஃபுட்எலக்ட்ரிக்' என்று மூன்றாவது தானியங்கிக் கடை ஒன்றுக்குத் திட்டம் வைத்திருந்தார். அது திறக்கப்படவே இல்லை.

சாவி தோற்ற இடத்தில் கோடு ஜெயித்தது. 1948இல் ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்சல் தொழில்நுட்பக் கழகத்துக்கு உணவுக்கடைத் தொடர் ஒன்றின் தலைவர் வந்தார். கல்லாவில் பொருளின் விவரத்தைத் தானாகப் படிக்கும் வழி கண்டுபிடிக்க முடியுமா என்று அங்கிருந்த துறைத்தலைவரிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். அந்தப் பேச்சைத் தற்செயலாகக் கேட்ட பெர்னார்ட் சில்வர் என்ற இளைஞர், தம் நண்பர் ஜோசப் வுட்லேண்டிடம் போய்ச் சொன்னார். முதலில் புறஊதா ஒளியில் மின்னும் மையை முயன்றார்கள். மை மங்கியது, செலவும் அதிகம்.

வுட்லேண்ட் மயாமி கடற்கரையில் இருந்த தாத்தா வீட்டுக்குப் போய்த் தங்கினார். சாரணர் படையில் கற்ற மோர்ஸ் குறியீடு, அதாவது தந்தியின் புள்ளியும் கோடும், அவர் நினைவில் இருந்தது. மணலில் உட்கார்ந்திருந்தவர் விரல்களை மணலில் ஊன்றித் தம்மை நோக்கி இழுத்தார். நான்கு கோடுகள் விழுந்தன. புள்ளியையும் கோட்டையும் கீழ்நோக்கி நீட்டினால் மெல்லிய கோடும் தடித்த கோடும் கிடைக்குமே என்று தோன்றியது. பார்கோடு பிறந்தது அந்த மணலில்தான்.

1952இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் படிக்கும் கருவி? அவர்கள் செய்து பார்த்த கருவிக்கு 500 வாட் விளக்கு தேவைப்பட்டது. அதன் சூட்டில் தாள் புகைய ஆரம்பித்ததாம்! லேசரும் மலிவான கணினியும் வரும்வரை அந்த யோசனை காத்திருந்தது. காப்புரிமையை 15,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். 1963இல் சில்வர் இறந்துபோனார். தாம் கண்டது ஒரு கடையில் வேலை செய்வதை அவர் பார்க்கவே இல்லை.

1973 ஏப்ரலில் அமெரிக்க மளிகைத் துறை ஒரே குறியீட்டைத் தேர்ந்தெடுத்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த செங்குத்துக் கோடுகள் அவை. வுட்லேண்டும் அதே நிறுவனத்தில் இருந்தார். 1974 ஜூன் 26ஆம் தேதி காலை, ஒஹாயோ மாநிலத்தின் டிராய் என்ற சிற்றூரில், மார்ஷ் பேரங்காடியில் ஷரோன் புக்கானன் என்ற காசாளர் ஒரு ரிக்லி சூயிங்கம் பொட்டலத்தைக் கண்ணாடி மேல் இழுத்தார். விலை 67 காசு. இந்தப் பொதுக் குறியீட்டில் கடை முகப்பில் படிக்கப்பட்ட முதல் பார்கோடு அது. (இன்று நம் ஊரில் சூயிங்கம்மை வைத்து இந்த நிகழ்ச்சியை நடத்த முடியாது என்பது வேறு கதை.)

இந்த இடத்தில்தான் அம்மா சொன்னது முதன்முதலில் தலைகாட்டுகிறது. பார்கோடு வந்ததும் டின் டின்னாக விலை ஒட்டும் வேலை மிச்சம் என்று கடைகள் மகிழ்ந்தன. விலை இப்போது பொருளில் இல்லை, கணினிக்குள் இருக்கிறது. "கணினி கூடுதலாகப் போட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அமெரிக்கப் பயனீட்டாளர் அமைப்புகள் கேட்டன. தொழிற்சங்கங்களும் சேர்ந்துகொண்டன. பொருள் ஒவ்வொன்றிலும் விலை ஒட்டியே தீர வேண்டும் என்று சில மாநிலங்கள் சட்டமே போட்டன.

மிச்சிகன் மாநிலத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டிய விலையைவிட இயந்திரம் கூடுதலாக வாங்கினால், வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. வித்தியாசத்தைப்போல் பத்து மடங்கும் தர வேண்டும். குறைந்தது ஒரு டாலர், கூடினால் ஐந்து டாலர். இயந்திரத்தின் பிழை கடையின் பிழை என்று சட்டம் அடித்துச் சொன்னது. பொருள்தோறும் விலை ஒட்டும் கட்டாயத்தை 2011இல் நீக்கியபோதும் அந்தப் பரிசுத்தொகையை அவர்கள் கைவிடவில்லை.

நம் வீட்டுப் பொட்டலங்களில் இருப்பது 13 இலக்கக் குறி. ஐரோப்பியர் 1970களில் அமெரிக்க முறையை விரிவாக்கி உருவாக்கியது. முதல் மூன்று இலக்கம் 888 என்றால் சிங்கப்பூர், 955 என்றால் மலேசியா, 890 என்றால் இந்தியா. பலர் நினைப்பதுபோல் அது பொருள் தயாரான நாட்டைக் காட்டுவதில்லை. நிறுவனம் எந்த நாட்டு அமைப்பிடம் எண் வாங்கியது என்பதை மட்டுமே காட்டும். குறி 888ஆக இருந்தாலும் பொருள் வேறெங்கோ செய்யப்பட்டதாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் தகவலை நம்பிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

பார்கோடு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா? காய்கறியிடம் தோற்றது. கத்தரிக்காயில் யார் கோடு போடுவது? 1990இல் பழங்களுக்கும் காய்களுக்கும் எண் கொடுக்கும் முறை வந்தது. வாழைப்பழத்துக்கு 4011. காசாளர் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டும். அம்மாவின் கடையில் இருந்தது வேறு எண் பட்டியல் என்றாலும் வேலை அதேதான். எந்த மாம்பழம், எந்த வெங்காயம், எந்தக் கீரை என்று பிளாஸ்டிக் பைக்கு வெளியே இருந்தபடியே சொல்லிவிடுவார். புதிதாக வந்தவர்கள் "அக்கா, இது என்னக்கா?" என்று பையைத் தூக்கிக் காட்டுவார்களாம்.

அந்தக் கண்ணை இயந்திரத்துக்குக் கொடுக்க ஐபிஎம் ஆய்வாளர்கள் 1990களில் முயன்றார்கள். 1996இல் அவர்கள் வெளியிட்ட 'வெஜிவிஷன்' கருவி, தராசில் வைத்த காயின் நிறத்தையும் மேற்பரப்பையும் கேமராவால் பார்க்கும். கடையின் வெளிச்சமும் பின்னால் நிற்பவரின் சட்டையும் குழப்புமே? அதற்கு ஓர் அழகான தந்திரம் செய்தார்கள். விளக்கைப் போட்டு ஒரு படம், அணைத்து ஒரு படம். இரண்டிலும் மாறாமல் இருப்பது பின்னணி, விளக்கொளியில் பளிச்சென்று மாறுவது காய். பிளாஸ்டிக் பைக்குள் இருந்தாலும் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட சவால். உறுதியாகத் தெரியாதபோது அந்தக் கருவி சில படங்களைக் காட்டி, 'இவற்றில் எது?' என்று கேட்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இயந்திரம்! எனக்கு அதன்மேல் ஒரு தனி மரியாதை.

இதற்கிடையே வாடிக்கையாளரையே காசாளராக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. டேவிட் ஹம்பிள் என்பவரின் 'செக்ரோபோட்' கருவி 1986இல் அட்லாண்டா அருகே ஒரு குரோகர் கடையில் சோதிக்கப்பட்டது. வாடிக்கையாளர் தாமே கோட்டைக் காட்டிப் பொருளைப் பட்டையில் வைப்பார், பணத்தை மட்டும் ஒரு காசாளரிடம் கட்டுவார். 1992இல் நியூயார்க் மாநிலத்தின் பிரைஸ் சாப்பர் கடையில் கனடாவின் ஹோவர்ட் ஷ்னைடர் உருவாக்கிய முறை வந்தது. இன்று உலகம் முழுவதும் நாம் பார்க்கும் வடிவத்துக்கு அது நெருக்கமானது.

இந்த இயந்திரங்கள் பலவற்றுக்குப் பொருளைப் பார்க்கவே தெரியாது. கோட்டைப் படிக்கும், எடையைப் பார்க்கும், அவ்வளவுதான். சாடின் டின் என்றால் இத்தனை கிராம் என்று பதிவு இருக்கும். பை வைக்கும் தட்டில் அந்த எடை ஏறாவிட்டாலோ வேறு எடை ஏறினாலோ நின்றுவிடும். உங்கள் பையையே முதலில் வைத்துவிட்டால் அது பதறுவதற்குக் காரணம் இதுதான். எடைத் தட்டு இல்லாத இயந்திரத்தில் அந்தச் சோதனையும் இல்லை, நம் கையே எல்லாம். மிச்ச சந்தேகம் வாசலுக்குப் போகிறது. நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

முன்பு காசாளர் ஒரு பொருளை விட்டுவிட்டால் அது கவனக்குறைவு. வாடிக்கையாளர் விட்டுவிட்டால்? அது கவனக்குறைவா, திருட்டா என்று இன்னொருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வேண்டுமென்றே ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. திராட்சையை வைத்துவிட்டு வெங்காயத்தின் படத்தை அழுத்துபவர்களை அம்மாவே பார்த்திருக்கிறார். ஆனால் கண் சரியாகத் தெரியாத எழுபது வயதுப் பெரியவரும் அதே வாசலைத்தான் தாண்ட வேண்டும். கருத்தரங்கில் இயந்திரத்துக்கு ஆதரவாகப் பேசிய அணி நேரம், ஆள்பற்றாக்குறை, சம்பளம் என்று நல்ல காரணங்களை வைத்தது. இதற்கு மட்டும் அவர்களிடம் விடை இல்லை.

பொருளே தன் பெயரைச் சொன்னால் இந்தச் சிக்கல் இல்லையே? சொல்ல வைக்கலாம். அதில் சிங்கப்பூருக்கு ஒரு பெருமை உண்டு. 1998இல் திறந்த புக்கிட் பாத்தோக் சமூக நூலகம்தான் வானொலி அலை அடையாளச் சில்லைப் பயன்படுத்திய உலகின் முதல் பொது நூலகம் என்று அறியப்படுகிறது. புத்தகங்களை அடுக்கி வைத்தால் போதும். கோட்டைத் தேட வேண்டாம், ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டாம். இந்தச் சில்லுக்கான அமெரிக்கக் காப்புரிமைகள் 1973லேயே வந்துவிட்டன. 1999இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெவின் ஆஷ்டன் இந்தத் துறைக்கு வந்ததே ஒரு குறிப்பிட்ட நிற உதட்டுச்சாயம் கடையில் எப்போதும் தீர்ந்துபோயிருந்த காரணத்தை ஆராயப் போய்த்தான். இன்று யூனிக்லோ போன்ற துணிக்கடைகளில் சட்டைகளை மொத்தமாகப் பெட்டியில் போட்டால் கணக்கு வருகிறதே, அது இந்தச் சில்லின் வேலை. துணிக்குச் சரி. உலோக டின்னும் தண்ணீர்ப் போத்தலும் அந்த அலைக்குத் தொல்லை கொடுக்கும். தவிர, ஒரு வெள்ளி கீரைக்கட்டுக்குச் சில் ஒட்டிக் கட்டுப்படியாகுமா?

கண்ணால் பார்த்தே அறியும் வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது ஜப்பானின் ரொட்டிக் கதை. தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு உறையில்லாத ரொட்டிகளைப் பொறுக்கும் வழக்கம் நமக்கும் தெரியும், 2000இல் தொடங்கிய பிரெட்டாக் அதை இங்கே பரப்பியது. ஜப்பானிலோ ஒரு கடையில் நூறு வகை ரொட்டி இருக்கும். உறை கிடையாது, கோடு கிடையாது, பல ரொட்டிகள் ஒன்றுபோலவே இருக்கும். புதுக் காசாளர் பெயரும் விலையும் பழகப் பல வாரங்கள் ஆகும். ஹியோகோ மாநிலத்தின் நிஷிவாக்கி நகரில் கம்பே ஹிசாஷி என்பவரின் 'பிரெய்ன்' என்ற சிறிய நிறுவனம், 2007 வாக்கில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் கேட்டதற்காக இதில் இறங்கியது. நெசவுத் துணி வடிவமைப்புக்கு மென்பொருள் எழுதிவந்த நிறுவனம் அது. நடுவில் உலகப் பொருளியல் நெருக்கடி வேறு. நிழல் ஏமாற்றியது, ஒட்டிக்கொண்ட இரண்டு ரொட்டிகள் ஒன்றாகத் தெரிந்தன. தட்டுக்கு அடியிலிருந்து வெளிச்சம் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் 'பேக்கரிஸ்கேன்' விற்பனைக்கு வந்தது. அதற்கும் ஐயம் வந்தால் அந்த ரொட்டியைச் சுற்றி வேறு நிறக் கோடு வரும். காசாளர் பார்த்துத் திருத்துவார். பின்னர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்த கியோட்டோ மருத்துவர் ஒருவருக்கு, நுண்ணோக்கியில் தெரியும் புற்றுநோய் அணுக்களும் இப்படித்தானே இருக்கின்றன என்று தோன்றியது. அணுக்களைப் பிரித்தறிய அதே முறையைத் திருத்தி அமைத்தார்கள். தொலைக்காட்சியாலும் சில நன்மை உண்டு, நேயர்களே!

கல்லாவே வேண்டாம் என்றது அமேசான். 2018 ஜனவரி 22ஆம் தேதி சியாட்டலில் 'அமேசான் கோ' கடை பொதுமக்களுக்குத் திறந்தது. கூரையெங்கும் கேமராக்கள், அலமாரிகளில் எடை உணரும் கருவிகள். வாசலில் கைத்தொலைபேசியைக் காட்டிவிட்டு உள்ளே போய், எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம். ரசீது பிறகு வரும். இங்கே பிழை மீண்டும் கடையின் பக்கம் போனது. எதையாவது கணக்கில் சேர்க்க விட்டுவிட்டால் அது உங்கள் குற்றமாகாது. அந்த அளவில் அம்மா அமேசானைப் பாராட்டினார்.

ஆனால் 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் பெரிய 'அமேசான் ஃபிரெஷ்' மளிகைக் கடைகளிலிருந்து அந்த முறையை எடுத்துவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. இந்தியாவில் சுமார் 1,000 பேர் காணொளிகளைப் பார்த்துச் சரிபார்த்தார்கள் என்ற செய்தி அப்போது பரபரப்பானது. எல்லாக் கொள்முதலையும் மனிதர்கள் பார்ப்பதாகச் சொல்வது தவறு, அவர்கள் கணினிக்குக் கற்பிக்கும் வேலையும் ஐயத்துக்கிடமான சிலவற்றைச் சரிபார்க்கும் வேலையும் செய்பவர்கள் என்று அமேசான் விளக்கியது. எண்ணிக்கை பற்றிய சண்டை இருக்கட்டும். ஒரு கடையின் முகப்பில் நின்ற கண்களில் சில, கடல் தாண்டி இன்னொரு நாட்டின் கணினித் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தன என்பதை இரு தரப்பும் மறுக்கவில்லை.

அம்மாவின் கடைசி ஆண்டுகளுக்கு வருகிறேன். அவர் வேலை பார்த்த கடையிலும் இயந்திரங்கள் வந்தன. அவரை வேலையைவிட்டு நீக்கவில்லை, ஆறு இயந்திரங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். முன்பு உட்காருவதற்கு ஒரு நாற்காலி இருந்தது, பிறகு இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் ஓட வேண்டும். "முன்ன பொருளைப் பார்த்தேன், அப்புறம் ஆளைப் பார்க்கச் சொன்னாங்க" என்றார். யாராவது பெரியவர் ஒரு பொருளைக் காட்ட விட்டுவிட்டால், "அங்கிள், இது சரியா விழலை போல" என்று தாமே எடுத்து ஒருமுறை காட்டிவிடுவாராம். இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் அவர் முகம் வாடாது. அந்தத் தந்திரத்தை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்றும் நான் கடைக்குப் போய்வந்தால் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, வரிக்கு வரி பேனாவால் ஒரு சிறு கோடு போடுவார். போன வாரம் தயிருக்கு இரண்டு முறை விலை விழுந்திருந்தது. "போய்க் கேளு. ரசீதை மறக்காம எடுத்துட்டுப் போ" என்றார். போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள்.